கண்ணாடி மேல் சிவப்புக் கோடு

எங்கள் வீட்டில் அதற்குக் கண்ணாடி என்று பெயர். மகள் விண்டோ என்பாள். லெப்டொப் திரையில் என்ன திறந்திருந்தாலும் அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், திரை முழுவதையும் மூடிக்கொண்டு நிற்கும் ஒரு விண்டோ. அதன் மேல் மவுஸால் கோடு போடலாம். கோடு மட்டும் தெரியும், கண்ணாடி தெரியாது. அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு வாப்பாவின் கடைக்கு வந்தவன். மாத்தளையில் ஒரு பக்கத் தெருவில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது. இரத்தோட்டைப் பக்கமிருந்து பஸ்ஸில் உரப்பையோடு வந்து இறங்குகிறவர்களிடம் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறேன். கண்ணாடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மனைவிக்கு மகள் சொல்லிக் கொடுத்தபோது பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டு கேட்டதுதான்.

மனைவி குர்ஆன் ஓதிக் கொடுப்பாள். வளர்ந்த பெண்களுக்கு. கலேவெலப் பக்கம், யட்டவத்தப் பக்கம் என்று நம் ஊர்களிலிருந்து குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். சின்ன வயதில் பாதியில் விட்ட ஓதலை அங்கே போய் இவளிடம் திரை வழியாக மறுபடி பிடித்தவர்கள். கலேவெலப் பெண் ஒருத்தி குசினியில் எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஓதுவாள். இன்னொருத்தி துணி மடித்துக்கொண்டே ஓதுவாள். எல்லாரும் இவளை ராத்தா என்பார்கள், மூத்த சகோதரியைக் கூப்பிடுகிற மாதிரி. அந்த வழியில் நான் அவர்களுக்கு மச்சான்.

திருமறைப் பக்கத்தில் பேனை படக் கூடாது என்பது அவள் சட்டம். வீட்டில் ஓதிக் கொடுத்த காலத்தில் ஒரு மெல்லிய குச்சியால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். குவைத்தில் இருக்கிறவளுக்குக் குச்சி எட்டாது. எந்த எழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. கொழும்பில் கொம்பியூட்டர் வேலை செய்கிற மகள், உம்மாவுக்காகக் கண்ணாடியைச் செய்துகொண்டு வந்தாள்.

"உம்மா, நீங்க கோடு போடுறது பக்கத்துல இல்ல. அதுக்கு மேல ஈக்கிற விண்டோல."

"மேலன்னா எவ்வளவு மேல?"

"அளக்க ஏலாது உம்மா. ஒரு கண்ணாடிய வெச்ச மாதிரின்னு நெனச்சுக்கங்க."

"கண்ணாடிய எடுத்தா கோடும் போயிடுமா?"

"போயிடும். நீங்க வந்துட்டுப் போனதே பக்கத்துக்குத் தெரியாது."

"அப்ப சரி" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் மவுஸில் கை வைத்தாள்.

முதல் நாள் திரை முழுக்கக் கறுத்துவிட்டது. "மகள், நீ செஞ்சது கண்ணாடியா சோத்துச் சட்டி அடியா?" என்றாள். மகள் எதையோ மாற்றினாள். பிறகு பச்சைப் பேனை வேலை செய்யவில்லை. மனைவிக்குப் பச்சைதான் பிடிக்கும். மவுஸ் ஓடும், கோடு வராது. விஷயம் என்னவென்றால், கண்ணாடி தெரியாமல் இருப்பதற்கு மகள் ஏதோ ஒரு நிறத்தைக் காட்டி, "இந்த நிறத்தை எங்கே கண்டாலும் ஓட்டையாக விடு" என்று கொம்பியூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொன்ன நிறமும் பச்சை. உம்மா பச்சையில் கோடு போடப் போட, அது கோடு கோடாக ஓட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஓட்டைக்கு மகள் வேறு ஒரு நிறம் கொடுத்தாள், யாரும் விரும்பிக் கேட்காத ஒரு ரோசா நிறம்.

மூன்றாவது சங்கடம் வகுப்பிலேயே நடந்தது. அன்றைக்கு முழுவதும் மனைவி அழகாகக் கோடு போட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"இந்தச் செவப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீட்டு புள்ள."

"எந்தச் செவப்பு ராத்தா? இங்க ஒரு செவப்பும் இல்லயே."

"கண்ணத் தொறந்து பாரு."

"தொறந்துதான் ஈக்கு ராத்தா. மூடினா கறி தீஞ்சிடும்."

மகளுக்குப் போன் போட்டோம். பக்கம் ஒரு விண்டோ, கண்ணாடி வேறு விண்டோ. இவள் பக்கத்தை மட்டும் அவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். முழுத் திரையையும் காட்டினால்தான் கோடும் சேர்ந்து போகும். அதற்குப் பிறகு முழுத் திரையையும் காட்டினாள். நான் பார்த்துவிட்டு மூடாமல் விட்ட மிளகு விலையும் சேர்ந்து குவைத்துக்குப் போனது. "மச்சான், மொளகு எறங்கிட்டு போல. இனி ராத்தாக்கு புதுச் சாரி இல்ல" என்று அந்தக் கலேவெலப் பெண்தான் சிரித்தாள்.

வகுப்புக்கு ஒரு முறை இருந்தது. ஒருத்தி ஒரு வரியை ஓதுவாள். பிழை வந்த இடத்தில் இவள் கோடு போடுவாள். "திரும்ப ஓது" என்பாள். சரியாக வந்த பிறகு "போ" என்பாள். போ என்று சொல்லாமல் யாரும் அடுத்த வரிக்குப் போக மாட்டார்கள். போ சொன்னதும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கீபோர்டில் கண்ணாடியைத் துடைக்கிற கட்டையை அமர்த்துவாள். கோடெல்லாம் போய்விடும். ஒருத்தியின் பிழைக்குப் போட்ட கோடு இன்னொருத்தி ஓதும்போது பக்கத்தின் மேல் கிடக்கக் கூடாது என்பாள். அந்தக் கட்டையைக் கண்டுபிடிக்க அதன் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருந்தாள்.

அன்றைக்கு லுஹர் தொழுதுவிட்டுக் கடையில் சாதிக்காய் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. குவைத் நம்பர். கலேவெலப் பெண்.

"மச்சான், வீட்டுலயா ஈக்கிறீங்க?"

"கடையில. என்ன புள்ள?"

"ராத்தா பேசுறா இல்ல. கோடு போட்டுக்கிட்டே ஈந்தா. கோடு மட்டும் அப்படியே கீழ போச்சு. போய்ப் பாருங்க மச்சான், ஓடிப் போய்ப் பாருங்க."

ஓடினேன். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். கதிரையில் பக்கவாட்டாகச் சாய்ந்திருந்தாள். கை மேசையிலிருந்து தொங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒன்றும் செய்வதற்கு இருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் காலையில் அடக்கினோம். கப்ரில் மூன்று பிடி மண் போட்டது நினைவிருக்கிறது. யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடக்கிவிட்டு வந்த பிறகு, ஆட்கள் உட்கார இடம் வேண்டும் என்று மகள் மேசையை ஒதுக்கினாள். லெப்டொப் அசைந்ததும் கறுத்திருந்த திரை வெளிச்சமானது. பக்கம் வந்தது. பக்கத்தின் மேல் கோடு வந்தது.

ஓர் எழுத்தின் மேலே தொடங்கி, நீட்ட வேண்டிய அளவுக்கு வளைந்து, வழக்கமாக முடிகிற இடத்தில் முடியாமல், திரும்பி, வரிகளையெல்லாம் வெட்டிக்கொண்டு, கீழே வலது மூலையில் நேரம் காட்டுகிற இடம் வரைக்கும் போயிருந்தது. சிவப்பு.

மகள் நின்றுகொண்டே இருந்தாள். நான் பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குக் கோப்பி கொடுக்கச் சொன்னேன்.

மகள் கொழும்புக்குத் திரும்பிப் போவதற்கு முதல் அதைப் படம் பிடித்துத் தருகிறேன் என்றாள். திரையை அப்படியே படம் எடுக்க ஒரு வழி இருக்கிறது. எடுத்தாள். படத்தில் பக்கம் இருந்தது, கோடு இல்லை. இந்த மாதிரி விண்டோ சில நேரம் படத்தில் விழாது என்றாள். பிறகு போனால் எடுத்தோம். அதில் கோடு விழுந்தது. போனைப் பிடித்த என் கையின் நிழலும் விழுந்தது.

"இனி அணைக்கலாம் வாப்பா. படம் ஈக்குதானே."

"ஈக்கட்டும்" என்றேன்.

"அணைச்சா கோடு போயிடும். உம்மாதான் சேமிக்கிற வேல ஒன்னும் வைக்காதேன்னு சொன்னது. கோடு மிச்சமாகக் கூடாதுன்னு."

"தெரியும்."

"அப்ப?"

"ஈக்கட்டும் மகள்."

மவுஸ் அமர்த்தினால் கோடு விழாமல், அடியில் இருப்பதன் மேல் படுகிற மாதிரி மாற்றித் தந்தாள். அப்படி மாற்றினால் கண்ணாடி இருந்தும் இல்லாத மாதிரி, கோடு மட்டும் நிற்கும். நான் கடைக்கணக்குப் பார்க்கலாம், செய்தி பார்க்கலாம்.

லெப்டொப்பை மூடித் திறக்கும்போது கோடு எப்படித் திரும்ப வருகிறது என்று கேட்டேன். கொம்பியூட்டர் வரைந்த படத்தை ஞாபகம் வைத்திருக்காது என்றாள். மவுஸ் எந்தெந்தப் புள்ளியில் போனது என்பதை மட்டும் இந்தப் புரோகிராம் வைத்திருக்கிறது. திரை விழிக்கும்போதெல்லாம், "உன் பங்கை வரை" என்று கேட்கப்படும். இது முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் புதிதாக வரையும். கண் இமைக்கிறதற்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

"அப்ப ஒவ்வொரு தடவையும் வரையுதா?"

"ஒவ்வொரு தடவையும்தான் வாப்பா."

அவள் போன பிறகு நான் லெப்டொப்பை மூடினேன், திறந்தேன். வேலை ஒன்றும் இல்லாமல் மூடித் திறந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்னிடம் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தொழுதேன். துஆக் கேட்டேன். கடைக்குப் போனேன். சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, சாப்பிட்டேன்.

கோடு எல்லாவற்றின் மேலும் இருந்தது. மிளகு விலை பார்த்தால் அதன் மேல். தண்ணீர் வெட்டுச் செய்தி வாசித்தால் அதன் மேல். வெள்ளிக்கிழமைகளில் மகள் திரையில் வந்து பேசும்போது அவளுடைய நெற்றியில் தொடங்கித் தோளைக் கடந்து இறங்கும். "வாப்பா, சாப்பிட்டீங்களா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். கொஞ்ச நாளில் கோடு எனக்குப் பழகிவிட்டது.

பயமெல்லாம் கரண்டுக்குத்தான். பழைய லெப்டொப், பட்டறி நிற்காது. மழைக்காலம். ஒரு பின்னேரம் மரம் விழுந்து எங்கள் தெருவுக்குக் கரண்ட் போய்விட்டது. பட்டறி மெல்ல மெல்ல இறங்குகிறது. நான் லெப்டொப்பை உடுத்துகிற சாரத்தில் சுற்றி, அதற்கு மேலே ஷொப்பிங் பேக் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கிற பார்மசிக்குப் போனேன். பிள்ளை தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். பார்மசிக்காரர் பார்த்துவிட்டு, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன நானா, யாருக்குச் சொகமில்ல?"

"கொஞ்சம் சார்ஜ் போடணும்."

"லெப்டொப்புக்கா? நான் புள்ளைக்குக் காச்சல்னு நெனச்சிட்டேன். சேலைன் ஏத்தவா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிளக் தந்தார், ஸ்டூல் தந்தார். கரண்ட் வரும்வரை இருமல் பாணிப் போத்தல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கணக்கு இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

கலேவெலப் பெண்ணின் குரல் செய்தி வந்தது அதற்குப் பிறகு. ஸலாம் சொன்னாள். ராத்தாவுக்காக ஓதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பின்னால் பாத்திரம் விழுகிற சத்தம்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. நான் அந்த வரியிலதான் நிக்கிறேன். திரும்ப ஓதுன்னு சொன்னா, நான் ஓத வாயத் தொறக்கக்குள்ளதான் கோடு கீழ போச்சு. போன்னு சொல்லல. மத்த ஆக்கள் வேற எடத்துல ஓதத் தொடங்கிட்டாங்க. எனக்கு ஏலாது. ராத்தாட ஆள் நான். நோன்புக்கு முந்தி குர்ஆன முழுசா ஓதி முடிச்சு, அந்தத் தமாம் துஆல ராத்தாக்கும் கேக்கணும்னு நிய்யத்து வெச்சிருந்தேன். அந்த வரிய யாராச்சும் கேட்டு, போன்னு சொன்னாப் போதும் மச்சான்."

மூன்று தரம் கேட்டேன். மகளுக்கு அனுப்பினேன். மகள் சின்ன வயதிலிருந்து உம்மாவிடம் ஓதியவள். வெள்ளிக்கிழமை வந்து தானே கேட்பதாகப் போனில் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"வாப்பா, போ சொன்னா உம்மா என்ன செய்வாங்க?"

"தொடைப்பாங்க."

"ம்."

"கோட்ட மறைச்சு வெக்க ஏலாதா? அந்தப் புள்ளைக்குத் தெரியாம, உள்ளுக்கு மட்டும்."

"ஏலும். உங்களுக்கு வேணும்னா செஞ்சு தாறேன். அது ஒரு வேலயே இல்ல."

வேண்டும் என்று வாய்வரை வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் நான் பார்த்ததெல்லாம் கட்டையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டரைத்தான். ஓரம் அழுக்காகி, கொஞ்சம் கிளம்பியிருந்தது. தவறி விரல் படக் கூடாது என்று நான் அதன் மேல் ஒரு போத்தல் மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனையோ முறை கூசாமல் அமர்த்திய கட்டை. தன் கோடு அழகாக வந்திருக்கிறதே என்று ஒரு நாளும் தயங்கியதில்லை. ஒரு முறை நான், "நல்லா வளைஞ்சு வந்திருக்கு, கொஞ்சம் வெச்சிரு பாப்போம்" என்றேன். "எழுத்த விட்டுட்டுக் கோட்டயா ஓதப் போறாங்க?" என்று கேட்டுவிட்டுத் துடைத்தாள்.

மறைத்து வைக்கச் சொல்லி மகளுக்கு நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது மகள் கதிரையில் இருந்தாள். போத்தல் மூடியை எடுத்து ஒரு பக்கம் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். பக்கத்தைத் திறந்து, முழுத் திரையையும் காட்டினாள். குவைத்திலிருந்து குரல் வந்தது. ஸலாம் சொன்னாள்.

"கோடு அப்படியே ஈக்கு" என்றாள்.

"ஈக்கு ராத்தா" என்றாள் மகள். அந்தப் பெண் இவளைவிட மூத்தவள். "நீங்க ஓதுங்க. நான் கேக்குறேன்."

"அதப் பாத்தா நாக்கு எழும்புது இல்ல தங்கச்சி."

"அப்ப எழுத்த மட்டும் பாருங்க."

ஓதினாள். வழக்கமாக ஓடிக் கடந்துவிடுகிற எழுத்தில் இந்த முறை ஓடவில்லை. நீட்டினாள். நீட்டிக்கொண்டே போனாள். கோடு திரும்பி, வரிகளை வெட்டி இறங்குகிற வேகத்துக்கு, கீழே மூலை வரைக்கும், மூச்சு முடிகிற வரைக்கும் நீட்டினாள். அங்கே அடுப்பங்கரையில் அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

நான் மகளைப் பார்த்தேன். மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு இல்ல ராத்தா. கோடு திரும்புற எடத்தோட நிப்பாட்டணும். அங்க மட்டும்தான் உம்மா போட்டது. திரும்ப ஓதுங்க."

திரும்ப ஓதினாள். வளைவு முடிகிற இடத்தில் நிறுத்தி, அடுத்த எழுத்துக்குப் போனாள். வரி முடிந்தது. பிழை இல்லை. எனக்கே தெரிந்தது.

"போங்க" என்றாள் மகள்.

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. மகள் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. எனக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிளாஸ்டரின் மேல் விரலை வைத்து அமர்த்தினேன்.

பக்கம் வெறும் பக்கமாக இருந்தது. மூலையில் நேரம் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடி அங்கேதான் இருந்தது, அதில் ஒன்றும் இல்லை. உள்ளே ஏதாவது நடக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விரல் நுனியில் பிளாஸ்டரின் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"அடுத்த வரி" என்றாள் மகள். குவைத்திலிருந்து அந்தப் பெண் ஓதத் தொடங்கினாள். இரண்டாவது சொல்லிலேயே பழையபடி ஓடினாள். மகள் மவுஸைப் பிடித்து அதன் மேல் ஒரு சின்னக் கோடு போட்டாள். அவளுடைய கோடு உம்மாவுடையது மாதிரி இல்லை, கொஞ்சம் நேராக இருந்தது.

"திரும்ப ஓதுங்க" என்றாள்.

நான் எழும்பினேன். சுவரில் எந்நேரமும் செருகிக் கிடந்த சார்ஜர் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். பட்டறி வகுப்பு முடிகிற வரைக்கும் தாங்கும். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் குழாயடிக்குப் போய் வுளூ எடுத்தேன். உள்ளேயிருந்து அந்த வரி கேட்டுக்கொண்டிருந்தது, பிழையோடு ஒருமுறை, பிழையில்லாமல் ஒருமுறை.